டிசம்பர் 31: தணிகைப் படிகளும் டோக்கியோ வரிசையும்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆனால் போதும், எங்கள் ஊர் டீக்கடையில் "இந்த வருஷம் படிக்குப் போறியா?" என்ற கேள்வி கிளம்பிவிடும். பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக மட்டும் சொல்கிறேன். டிசம்பர் 31 அன்று திருத்தணி மலைப்படிகளில் நடக்கும் திருப்புகழ்த் திருப்படித் திருவிழாவைத்தான் நாங்கள் 'படி' என்று சுருக்கிச் சொல்கிறோம். மொத்தம் 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டி, பஜனை கோஷ்டிகள் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். நள்ளிரவில் மேலே முருகனுக்குப் புத்தாண்டு தரிசனம்.

ஏழு வயதில் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியவன் நான். நடுவில் விட்டுப்போன வருஷங்கள் சிலதான். அதில் ஒன்று 2018. அந்த டிசம்பரில் நான் டோக்கியோவில், மகன் வீட்டில் இருந்தேன். அங்கேயும் அதே இரவில், அதே போன்ற ஒரு கூட்டத்தில் நிற்க நேர்ந்தது. திரும்பி வந்த பிறகு இரண்டு ஊர்ப் பழக்கத்தைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நடுவில் என் நைனாவும் வருவார். அவரை விட்டுவிட்டு எனக்கு இதை எழுதத் தெரியவில்லை.

டோக்கியோவில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி கசாய் என்ற பகுதியில் மகன் வீடு. 31-ஆம் தேதி இரவு சாப்பாடு முடிந்ததும், "அப்பா, ஸ்வெட்டர் மேல கோட்டும் போட்டுக்குங்க, கோயிலுக்குப் போகலாம்" என்றான். ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்தக் கோயில் திறந்திருக்கும் என்று கேட்டேன். இன்றைக்கு விடிய விடியத் திறந்திருக்கும், ரயிலும் விடிய விடிய ஓடும் என்றான். அவனோடு வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவரும் ஸ்டேஷனில் வந்து சேர்ந்துகொண்டார்.

நாங்கள் போனது மெய்ஜி ஆலயம். ஊருக்கு நடுவே ஒரு காடு. காட்டுக்குள் சரளைக்கல் பரப்பிய அகலமான பாதை. வழியில் 'தோரீ' என்கிற மரத் தோரணவாயில். அதில் பெரியது நாற்பது அடி உயரம். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். கோபுரம் கிடையாது, பொம்மை கிடையாது. அந்தப் பாதை முழுக்க ஜனம். நாதஸ்வரம் இல்லை, ஒலிபெருக்கிப் பாட்டு இல்லை. ஆயிரக்கணக்கான செருப்புகளும் பூட்ஸுகளும் சரளைக்கல்லில் தேயும் சத்தம் மட்டும்தான். செருப்போடு கோயிலுக்குள் நடப்பது எனக்குக் கடைசிவரை கூசிக்கொண்டே இருந்தது.

நள்ளிரவில் உள்ளேயிருந்து ஒரு பெரிய முரசின் ஒலி வந்தது. கூட்டத்தில் சிறு சலசலப்பு. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்கள். போலீஸ்காரர்கள் பதாகை பிடித்துக் கூட்டத்தைப் பாகம் பாகமாக நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். சந்நிதிக்கு எதிரே வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். காசை அதில் எறிய வேண்டும். பிறகு இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கை தட்டி, மனசில் நினைத்துக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். இரண்டரை மணி நேரம் நின்றதற்கு அரை நிமிஷம் தரிசனம். உள்ளே விக்கிரகமும் கண்ணில் படாது. நம் ஊர் தர்ம தரிசன வரிசையில் பழகியவனுக்கு இதொன்றும் புதிதில்லை.

புதிதாக இருந்தது வேறொன்று. வெளியே வந்து சூடாக ஒரு இனிப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, மகனை மொழிபெயர்க்கச் சொல்லி அந்த நண்பரிடம் கேட்டேன்: "நீங்கள் எந்த மதம்?" அவர் தயங்கவே இல்லை. "எனக்கு மதம் கிடையாது" என்றார். இரண்டரை மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு மதம் கிடையாது என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் நாற்பது வருஷத்துக்கு முன்பே வேறொருவரிடம் கேட்டிருக்கிறேன், அதுவும் கோபமாக.

ஜப்பானியரின் இந்தப் பழைய வழிபாட்டு முறைக்கு ஷிந்தோ என்று பெயர். தோற்றுவித்தவர் என்று யாரும் இல்லை. பைபிள், குர்ஆன் போல ஒரு வேதநூலும் இல்லை. மலை, அருவி, பெரிய மரம், பாறை, ஊர்க்காவல், முன்னோர் என்று மனிதன் மதித்து ஒதுங்கி நிற்கிற எதிலும் 'காமி' என்ற தெய்வம் இருக்கிறது என்பதுதான் அடிப்படை. நம் எல்லையம்மனையும், வேப்பமரத்தடிக் கல்லையும், வீட்டுப் பூவாடைக்காரியையும் அறிந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். நாடெங்கும் சுமார் 80,000 ஷிந்தோ ஆலயங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். கையையும் வாயையும் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நாம் மாவிலைத் தோரணம் கட்டுவதுபோல் அவர்கள் வைக்கோல் கயிறு திரித்துக் கட்டுகிறார்கள். புது வீட்டுக்கு மனை போட்டால் பூமி பூஜை. புதுக் கார் வாங்கினால் பூசாரியிடம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் குறை.

பௌத்தமும் கூடவே இருக்கிறது. ஒரே வீட்டில் காமிக்கு ஒரு மாடம், இறந்தவர்களுக்காகப் புத்தர் மாடம் ஒன்று. அரசாங்கம் ஒவ்வொரு மத அமைப்பும் தரும் எண்ணிக்கையை வாங்கிக் கூட்டினால், மொத்தம் அந்த நாட்டு ஜனத்தொகையைவிட அதிகமாக வருகிறது. தனித்தனியாக ஆளைக் கேட்டாலோ, பெரும்பாலானவர்கள் எனக்கு மதமில்லை என்கிறார்கள்.

சரி, இந்தப் புத்தாண்டுத் தரிசனம் எவ்வளவு பழையது? 'ஹத்சுமோதே' என்று அதற்குப் பெயர். ஆண்டின் முதல் கும்பிடு என்று சொல்லலாம். ஆயிரம் வருஷப் பழக்கம் என்றுதான் நான் நினைத்தேன். படித்துப் பார்த்தால் அப்படியில்லை.

பழைய காலத்தில் வருஷம் முடியும் இரவில் குடும்பத் தலைவர் மட்டும் தன் ஊர்க் காவல் தெய்வத்தின் கோயிலில் போய்க் கண்விழிப்பார். அந்த வருஷத்துக்கு எந்தத் திசை நல்ல திசையோ அந்தப் பக்கத்துக் கோயிலுக்குப் போவதும் உண்டு. ஆனால் அன்றைய வருஷப் பிறப்பு சந்திரக் கணக்குப்படி வந்தது, நம் யுகாதி மாதிரி. பேரரசர் மெய்ஜி காலத்து அரசாங்கம் அதை மாற்றி 1873 ஜனவரி 1 முதல் ஆங்கிலக் காலண்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1872-இல், டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகஹாமாவுக்கு நாட்டின் முதல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. வழியில் கவாசாகி என்ற ஊர். அங்கே ஒரு பேர்பெற்ற பௌத்தக் கோயில். புத்தாண்டு விடுமுறையில் ரயிலேறி, கோயிலையும் பார்த்துவிட்டு ஒரு நாள் காற்றாட வருவது நகரத்து ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. 1899-இல் அந்தக் கோயிலுக்கென்றே ஒரு மின்சார ரயில் கம்பெனி வந்தது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் செய்தன. நல்ல திசை, ஊர்க் காவல் தெய்வம் என்ற கட்டுப்பாடெல்லாம் கழன்றது. ரயில் போகிற எந்தக் கோயிலுக்கும் போகலாம், குடும்பத்தோடு போகலாம் என்று ஆனது.

நான் நின்ற மெய்ஜி ஆலயம் கட்டி முடிந்ததே 1920-இல்தான். 1912-இல் மறைந்த அந்தப் பேரரசரும் அவர் மனைவியுமே அங்கே தெய்வங்கள். அந்தக் காடுகூட நட்டு வளர்த்த காடுதான். நாடெங்கும் இருந்து ஜனங்கள் கொடுத்த சுமார் ஒரு லட்சம் மரங்களை இளைஞர்கள் வந்து நட்டிருக்கிறார்கள். 1945 குண்டுவீச்சில் ஆலயம் எரிந்து, 1958-இல் திரும்பக் கட்டினார்கள். இன்று புத்தாண்டின் முதல் மூன்று நாளில் அங்கே மட்டும் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள் என்று கணக்கு. காலண்டரை மாற்றியது அவர் அரசாங்கம். முதல் ரயிலின் திறப்பு விழாவுக்கு நேரில் வந்தவரும் அவர்தான். அவர் ஆலயத்துக்கு அந்தக் காலண்டர்படி, ரயிலேறி ஜனம் வருகிறது.

இதைப் படித்தபோதுதான் நம் 'படி'யின் வயது எனக்கு நினைவுக்கு வந்தது. தணிகை மலை பழையது. சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பது புராணம். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய தலம். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியும், சரவணப் பொய்கையில் தெப்பமும் எந்தக் காலத்திலிருந்தோ வருகின்றன. ஆனால் டிசம்பர் 31 படித் திருவிழா அப்படியல்ல. அதற்கு ஆரம்பித்த இரவு உண்டு, ஆரம்பித்தவரும் உண்டு.

அவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1870-இல் பவானியில் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் அர்த்தநாரி. பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தார். தீராத வயிற்றுவலியோடு பழனிக்குப் போனவர், அங்கே திருப்புகழைக் கேட்டு அதிலேயே கரைந்துபோனார். திருவண்ணாமலையில் ரமணரிடமும் சேஷாத்ரி சுவாமிகளிடமும் இருந்துவிட்டு, நம் பக்கத்து வள்ளிமலையில் வந்து தங்கினார். 1950-இல் சமாதியடையும்வரை திருப்புகழே மந்திரம் என்று ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார்.

அவர் பாடுவதற்குப் புத்தகம் கிடைத்ததும் அக்காலத்தில்தான். அருணகிரியாரின் பாட்டுகள் ஓலைகளில் சிதறிக் கிடந்தன. மாவட்ட முன்சீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 1894-இலும் 1901-இலும் இரண்டு பாகமாக அச்சிட்டார். பிறகு அவர் மகன், 'தணிகைமணி' என்று நாம் அறிந்த வ.சு. செங்கல்வராய பிள்ளை, பத்திரப்பதிவுத் துறை வேலையையும் பார்த்துக்கொண்டு உரை எழுதினார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளும் இவர்கள் போன்றவர்கள் தேடிய தேட்டம்தான்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. ஜனவரி முதல் தேதி வந்தால் கச்சேரியில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு, மாலையும் எலுமிச்சம்பழமும் பழத்தட்டும் ஏந்தி, துரை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். துரை எழுந்து வரும்வரை காத்திருந்து, குனிந்து சலாம் போட்டுவிட்டு வர வேண்டும். சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. வருஷப் பிறப்பன்று இந்தத் துரைகளிடம் போய் ஏன் குனிகிறீர்கள், துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலைமேல் இருக்கிறான், அவனிடம் வாருங்கள் என்றார். 1917 முடிந்து 1918 பிறந்த இரவில், படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு அடியார்களோடு மலையேறினார். அதுதான் முதல் படித் திருவிழா.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் வெள்ளைக்காரன் காலண்டரை ஒழிக்கச் சொல்லவில்லை. சித்திரை முதல் தேதிதான் நம் வருஷப் பிறப்பு என்று வாதாடவும் இல்லை. அந்த ஜனவரி 1-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, கும்பிடுகிற கையை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட்டார். கச்சேரி விடுமுறை கூட்டத்துக்கு வசதியாயிற்று. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா பக்கம் இருப்புப்பாதை 1860-களிலேயே வந்துவிட்டதால் சென்னைக்காரர்கள் ரயிலேறித் திருத்தணியில் இறங்க முடிந்தது. அன்றைக்கு மார்கழியில் பாதி. விடியற்காலைக் கும்பிடு எப்படியும் உள்ள மாதம். ஜப்பானில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒரே மாதிரி இருக்கின்றன. காலண்டரும் ரயிலும் வந்தால் சாமி கும்பிடுவது குறைந்துவிடும் என்று சொன்னவர்கள் இரண்டு நாட்டிலும் இருந்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு.

ஒன்றில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் சுவாமிகள் ஜனவரி 1 சலாமை அரசாங்கத்திடமிருந்து பிடுங்கினார். ஜப்பானிலோ அரசாங்கம் கும்பிடைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஷிந்தோ ஒரு மதமே அல்ல, குடிமகனின் கடமை என்று சொல்லி, எல்லா ஆலயத்தையும் அரசின்கீழ் வைத்தது. புத்தாண்டு அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேரரசரின் படத்துக்கு வணக்கம் செய்ய வேண்டும். பிடித்த நாடுகளிலெல்லாம் ஆலயம் எழுப்பினார்கள். கொரியாவின் சியோலில் 1925-இல் ஒன்று கட்டி, பிறகு அந்த ஜனங்களைக் கட்டாயப்படுத்திக் கும்பிட வைத்தார்கள். சிங்கப்பூரைப் பிடித்ததும் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், போர்க்கைதிகளை வேலை வாங்கி ஒரு ஆலயம் கட்டினார்கள். மலாயாவில் தமிழ்ப் பிள்ளைகள் உட்படப் பள்ளியில் வரிசையாக நின்று டோக்கியோ திசை பார்த்துக் குனிய வேண்டியிருந்தது. சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டுபோய்ச் சாகவிட்டதும் அதே ஆட்சிதான்.

1945-இல் போர் முடிந்ததும் சியோல் ஆலயமும் சிங்கப்பூர் ஆலயமும் இல்லாமல் போயின. ஜப்பானுக்குள்ளும் அந்த டிசம்பர் 15-ஆம் தேதி, அரசுக்கும் ஷிந்தோவுக்கும் இருந்த கட்டு அறுக்கப்பட்டது. பதினேழு நாள் கழித்து, 1946 ஜனவரி 1 அன்று வந்த பேரரசரின் அறிக்கை, தன்னைத் தெய்வமாக நினைப்பது கற்பனை என்று ஒப்புக்கொண்டது. அதுவும் ஒரு ஜனவரி முதல் தேதிதான்.

கட்டாயம் போன பிறகு ஷிந்தோ என்ன ஆனது? அழியவில்லை. யாரும் வற்புறுத்தாமல்தான் அந்த 30 லட்சம் பேர் இன்று வந்து நிற்கிறார்கள். 1965-இல் த்சு என்ற நகரில் நகராட்சி ஒரு உடற்பயிற்சிக் கூடம் கட்ட ஷிந்தோ பூசாரிகளை வைத்துப் பூமி பூஜை போட்டது. மக்கள் பணத்தில் மதச் சடங்கா என்று ஒருவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-இல் இது ஊர் வழக்கம், அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்பு வந்தது. நம் ஊரில் ஆபீசுகளில் ஆயுத பூஜை போடுவது சரியா தவறா என்று நடக்கும் வாதத்தைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. பழைய ஞாபகம் இன்னும் உறுத்துவதால்தான் அங்கேயும் அந்த வாதம் நடக்கிறது.

அங்கே என் மனசைத் தொட்ட இன்னொரு பழக்கம் உண்டு. பிப்ரவரி 8-ஆம் தேதி, தையல் வேலை செய்பவர்கள் அந்த வருஷம் உடைந்த, வளைந்த ஊசிகளையெல்லாம் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். கடினமான துணியைக் குத்திக் குத்தித் தேய்ந்த ஊசி கடைசியிலாவது மெத்தென்ற இடத்தில் இருக்கட்டும் என்று, சோயாபீன்ஸ் பாலில் செய்த கட்டியில் அவற்றைச் செருகி நன்றி சொல்லிவிட்டு வருகிறார்கள். இதை மகன் சொன்னபோது எனக்கு எங்கள் வீட்டுக் குழித்தறி ஞாபகம் வந்தது. தறி ஞாபகம் வந்தால் நைனா ஞாபகம் வராமல் இருக்குமா?

நைனா தறிக்காரர். அவர் கை பட்டு நாடாவின் மரம் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போயிருக்கும். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கூடத்தில் அம்மாவின் முருகன் படம் ஒரு சுவரில், நைனாவின் பெரியார் படம் எதிர்ச் சுவரில். நெற்றியில் எதையும் இட மாட்டார். ஆனால் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டக் கூட்டங்களுக்கெல்லாம் போனவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். "மல மட்டும் வேணும், மேல இருக்கறவன் வேணாமா?" என்று அம்மா கேலி செய்வாள். ஆயுத பூஜை அன்று தறியில் உட்காரவே மாட்டார். பூஜையா நைனா என்று கேட்டால், "அதுவும் வருஷம் பூரா ஒழைக்குதுடா, ஒரு நாளு சும்மா இருக்கட்டும்" என்பார்.

அந்த மனிதர் ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் அம்மாவோடு படிக்கு வருவார். அம்மா குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பாள். நைனா ஒரு படி கீழே நின்று, கற்பூர டப்பாவையும் பூக்கூடையையும் பிடித்துக்கொண்டிருப்பார். கும்பிட மாட்டார். பாட மாட்டார். மேலே போனதும் சந்நிதிக்குள் வராமல் வெளியே மண்டபத்தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லூரி முடித்த திமிர். புத்தகம் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிற வயது. ஒரு வருஷம் படியில் ஏறும்போதே, நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டேன்: "நம்பிக்கையே இல்லாம எதுக்கு நைனா கற்பூரம் தூக்கிக்கினு வர்றீங்க? இது வேஷம் இல்லையா?" அம்மா திரும்பிப் பார்த்தாள். நைனா ஒன்றும் பேசவில்லை. அடுத்த படிக்குக் கற்பூரத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

விடியற்காலை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், கிட்டத்தட்ட வீடு வந்த நேரத்தில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கம்மா முந்நூத்தி அறுபத்தஞ்சு படி குனிஞ்சி நிமிர்றா. கூட ஒரு ஆளு வேணாமாடா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். நம் வீடுகளில் அப்பனிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லாததால் தள்ளிக்கொண்டே போனது. 1991-இல் அவர் போய்விட்டார். அந்த டிசம்பரில் கற்பூர டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன்.

டோக்கியோவில் அந்த ஜப்பானிய நண்பர் என்ன பதில் சொன்னார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். மதம் இல்லாதவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, அவர் கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "சின்ன வயசில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். இங்கே வந்து நின்றால்தான் எனக்கு வருஷம் தொடங்கும்" என்றார். மகன் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. குளிர் என்று சமாளித்துக்கொண்டேன்.

சுவாமிகள் பக்தியால் ஏறினார், நம்பினார், கடைசிவரை நம்பினார். அவர் இல்லாமல் இந்தத் திருவிழா இல்லை. ஆனால் ஒருவர் ஆரம்பித்து வைத்ததை நூறு வருஷத்துக்கு மேலாக நடத்திவருகிறவர்கள் எல்லோரும் அவரைப் போல நம்பியவர்கள் அல்லர். அம்மாவுக்காக வந்தவர்கள், பாட்டிக்காக வந்தவர்கள், கூட ஒரு ஆள் வேண்டும் என்று வந்தவர்கள், எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் படியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். சியோலிலும் சிங்கப்பூரிலும் கட்டாயப்படுத்திக் குனிய வைத்த கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்க முடியாது. அதனால்தான் கட்டாயம் போன அன்றே அந்த ஆலயங்களும் போயின என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிக்கும் முன் ஒரு செய்தி, முருக பக்தர்கள் சந்தோஷப்படட்டும். நம் கந்தன் ஜப்பானிலும் இருக்கிறான். ஸ்கந்தன் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய், அங்கே 'இதாதென்' ஆகிவிட்டான். மின்னல் வேகத்தில் ஓடுகிறவன் என்று பெயர். மயிலேறி உலகைச் சுற்றிய கால் அல்லவா! ஜென் மடங்களில் அவனுக்கு இடம் எங்கே தெரியுமா? சமையற்கட்டில். சோற்றுக்குக் காவல் அவன். அரண்மனை அடுக்களையிலிருந்து வந்த நம் சுவாமிகளுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இந்த வருஷமும் படிக்குப் போகிறோம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேலே போகக் கார் பாதை இருக்கிறது, அதில் போய்விடலாம் என்று பேரன் சொன்னான். வேண்டாம், நான் கீழே முதல் படியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். என் மனைவி ஏறுவாள். பேரன் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறான். போன வாரம் என்னிடம், "தாத்தா, எனக்கு இதிலெல்லாம் அவ்வளவா நம்பிக்கை இல்ல" என்றான்.

கற்பூர டப்பாவை அவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன்.